ஏரிக்குப் போன நாலு பேர்

அச்சங்குளம்
மார்ச் 22

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்:

அச்சங்குளம் கீழத்தெரு வேலுச்சாமி இல்லத்துச் சேவலானது, நேற்றுப் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, பொழுது விடிந்துவிட்டதாக எண்ணி நான்கு முறை உரக்கக் கூவியது. தெருவில் ஒருவரும் எழுந்திருக்காததைக் கண்டு மனம் நொந்து, முருங்கை மரத்தடியில் தலைகுனிந்து நிற்கிறது. இதுபற்றி விசாரிக்க அம்மா தலைமையில் ஒரு நபர் கமிஷன் அமைக்கப்பட்டுள்ளது. கமிஷன் கையில் அரிவாள்மனை இருப்பதால் சேவலுக்கு நீதி கிடைக்கும் என்று தோன்றவில்லை.

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் சூர்யபிரகாஷ் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயா அவர்களுக்கும் வணக்கம். ஐயா நலமா? பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், மார்க் மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

அம்மா மதுரைக்கு வந்து மனுப் போட்டு உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கு, "உன்னைய அங்கன வரவே கூடாதுன்னுட்டாக. போன்லயும் உன்கூடப் பேச மாட்டாகளாம். எழுதச் சொன்னாக" என்றாள். ஏனாம் என்று கேட்டேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே இந்தத் தபால். சின்ன வயதில் போர்மேன் என்றால் போருக்குப் போகிறவர் என்று நினைத்து, எங்கப்பா சண்டைக்காரர் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது வாத்தியார் உன் அப்பா எங்கே என்று கேட்டால் 'உள்'ளூரில்தான் இருக்கிறார் என்று சொல்கிறேன். பொய் இல்லை பாருங்கள்.

விபத்து நடந்த மறுநாள் பட்டாசுக் கம்பெனிக்கு வைத்த சீல் வைத்தபடியே இருக்கிறது. அந்தப் பக்கம் நான் போவதில்லை. அடுத்த வாரம் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிகிறது. இயற்பியல் எனக்கு இயலாப்பியல், வேதியியல் வேதனையியல். தமிழ் மட்டும் கைவசம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்
சூர்யபிரகாஷ்


மதுரை
மார்ச் 30

அன்பு மகன் சூர்யாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை.

உன் கடிதம் வந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். "உன் பிள்ளையாப்பா? சேவலை அறுத்தாச்சான்னு கேட்டு எழுது" என்றார். அதனால் கேட்கிறேன்.

உன்னை வர வேண்டாம் என்றதுக்குக் கோபப்படாதே. இங்கே வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். அப்படி நிற்கிற என்னை நீ பார்க்கக் கூடாது. போனில் உன் சத்தத்தைக் கேட்டால் எனக்குத் தாங்காது. எழுத்து என்றால் நிதானமாக இருக்கலாம்.

ஊரில் உனக்கு ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். மருந்து அடைக்கிற அறையில் நாலு பேர்தான் உட்காரணும். நாலு பேருக்கு நாலு வாசல். பொறி தட்டினால் ஆளுக்கு ஒரு வாசலில் பாய்ந்துவிடலாம், ஒருத்தரை ஒருத்தர் இடிக்காது. அன்றைக்கு உன் கோட்டைச்சாமி பெரியப்பா அறையில், உரசிப் பொறி தட்டாமல் இருக்கப் போடுகிற தரைவிரிப்பு கிழிந்திருந்தது. ஆபத்து என்று நான்தான் பூட்டினேன். அவன் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். நான்தான் கூப்பிட்டேன். "வீட்டுல போயி என்னலே செய்யப்போற? ராக்கனும் பாண்டியும் அங்கனதான் இருக்காங்க. ஓரமா உட்காரு, அவங்களுக்கும் பேச்சுத்துணையாச்சு" என்றேன். அஞ்சாவது ஆளாக உட்கார்ந்தான். பொறி தட்டினதும் நாலு பேரும் நாலு வாசலில் வெளியே வந்துவிட்டார்கள். அவனுக்கு வாசல் இல்லை.

இருபது வருஷம் போர்மேன். புதுசாக வருகிறவனுக்கெல்லாம் அந்த விதியைப் படித்துக் காட்டினவன் நான்.

ராக்கனும் பாண்டியும் நம் வீட்டுப் பக்கம் வந்தார்களா? உன் பெரியம்மா குருவம்மா எப்படி இருக்கிறது? பெரியப்பா காரியத்தன்று அம்மா போனாளா? இதுக்கு மட்டும் விளையாட்டு இல்லாமல் பதில் எழுது.

அப்பா
வேலுச்சாமி


அச்சங்குளம்
ஏப்ரல் 8

அன்புள்ள அப்பாவுக்கு, சூர்யா எழுதுவது. உங்கள் உடல்நலம் அறிய ஆவல். இருமல் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். வெந்நீர் கேட்டால் கொடுப்பார்களா? அதிகாரி ஐயா அவர்களுக்கு: சேவல் சென்ற ஞாயிறு பகல் பன்னிரண்டு மணியளவில் குழம்பில் இயற்கை எய்தியது. தங்கள் அனுதாபத்துக்கு நன்றி.

விளையாட்டு இல்லாமல் எழுதச் சொன்னீர்கள். சரி. ராக்கப்பன் மாமா நலம். பாண்டிராஜ் சித்தப்பா நலம். குருவம்மா பெரியம்மா நலம். காரியத்துக்கு அம்மா போனாள்.

பரீட்சை முடிந்தது. இயற்பியலில் நான் எழுதிய விடைகளைப் படித்தால் திருத்துகிறவர் புதிதாக ஒரு விஞ்ஞானம் பிறந்துவிட்டது என்று டெல்லிக்குத் தந்தி அடிப்பார். தந்தி நின்றுபோனது நம் நல்ல நேரம். தமிழ் அருமை. ஆங்கிலத்தில் லீவு லெட்டர் எழுதச் சொன்னார்கள். எனக்கு ஏழு வருஷ அனுபவம் உள்ள ஒரே பாடம் அது. பாட்டி இறந்துவிட்டாள் என்று எழுதி, உயிரோடு இருக்கிற பாட்டியையும் சாகடிக்காமல், எனக்கே காய்ச்சல் வரவழைத்துக்கொண்டேன்.

வேதியியலில் ஒரு கேள்வி: ஆக்சிஜனேற்றி என்றால் என்ன, மூன்று எடுத்துக்காட்டு தருக. எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுகூட அதற்கு முழு மதிப்பெண் வாங்கும். "உங்க ஊருப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரணுமாக்கும்" என்று வாத்தியாரே அந்தப் பாடத்தை அரை மணி நேரத்தில் முடித்தவர். நான் கேள்வி எண்ணைப் போட்டு, கோடு அடித்து, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். தெரியாமல் இல்லை.

வெயில் கொல்லுகிறது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பூனை இறங்கிக் குளிக்கிறது. பூனைக்கே இந்த நிலை என்றால் என்னைப் போன்ற புலிகளின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகன்
சூர்யபிரகாஷ்


மதுரை
ஏப்ரல் 17

அன்பு மகன் சூர்யாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இருமல் தேவலை. அம்மாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

நலம், நலம், நலம் என்று மூன்று தரம் எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் சேவலுக்கு இருக்கிற இடம்கூட அவர்களுக்கு இல்லை. வந்தார்களா என்று கேட்டேன். அதுக்குப் பதில் வரவில்லை.

வக்கீல் வந்தார். தொண்ணூறு நாள் ஆனால் ஜாமீனில் விட்டுவிடுவார்கள், ஜூன் அஞ்சு ஆறு வாக்கில் வெளியே வந்துவிடலாம் என்றார். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை. வெளியே வந்து எங்கே போவது? அச்சங்குளத்துக்குள் எந்த முகத்தோடு வருவேன்? உன் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் சொல்லி வைக்கிறேன் என்றிருக்கிறார். ஜெயில் வாசலிலிருந்து நேராக அங்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். நீயும் அம்மாவும் பிறகு வரலாம், வராமலும் இருக்கலாம். உங்கள் இஷ்டம்.

சித்திரைப் பொங்கல் லீவு வரப்போகிறது. இருபத்திரண்டு வருஷமாக அந்த லீவில் கோட்டை, ராக்கன், பாண்டி, நான் என்று நாங்கள் நாலு பேரும் கொடைக்கானல் ஏரிக்குப் போகிறோம். ரெண்டு நாள். கல்யாணம் ஆன வருஷம்கூட நிறுத்தவில்லை, உன் அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவாள். அந்த ரெண்டு நாளும் எவனும் தீப்பெட்டி தொடக்கூடாது என்று கட்டு. அடுத்தவன் பற்ற வைத்த அடுப்பில் டீ குடிக்கலாம், நாம் பற்ற வைக்கக்கூடாது. போனதும் கரையில் வரிசையாகக் குத்தவைத்துக் கை கழுவுவோம். நகக்கண்ணில் நிற்கிற அலுமினியப் பொடி எவன் கையில் முதலில் போகிறதோ அவன் ஜெயித்தான். கோட்டை சிரித்துச் சிரித்தே தோற்பான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ராக்கனிடமும் பாண்டியிடமும் போய், இந்த வருஷமும் ஏரிக்குப் போங்க, அப்பாவுக்குப் பதிலாக நான் வருகிறேன் என்று சொல். அவர்கள் உன்னைக் கூட்டிக்கொண்டு போனால், என்னை இன்னும் ஆளாக மதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஊருக்கு வருகிறேன். இல்லையென்றால் திருப்பூர்.

அப்பா


அச்சங்குளம்
ஏப்ரல் 24

அன்புள்ள அப்பாவுக்கு, நாங்கள் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். அதிகாரி ஐயாவுக்கு வணக்கம்.

தங்கள் தூதன் நாளைக் காலை புறப்படுகிறான். எட்டாம் வகுப்பில் ஹெட்மாஸ்டரையே பேசிச் சம்மதிக்க வைத்து, அரைநாள் பள்ளிக்கூடத்தை மூட வைத்த வாய் இது. (கரண்ட் இல்லாததும் ஒரு காரணம். ஆனால் முக்கியக் காரணம் என் வாய்.) ராக்கப்பன் மாமாவும் பாண்டி சித்தப்பாவும் எனக்கு எம்மாத்திரம்? நான் கேட்டு இல்லை என்று சொன்னவர் யாராவது உண்டா? நீங்கள் உண்டு. அம்மா உண்டு. வேறு யார்?

திருப்பூர் வேண்டாம் அப்பா. அங்கே எல்லாரும் உள்ளே போடுகிறதைத்தான் தைக்கிறார்கள். உள்ளே போட்டது போதாதா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், பேனா தானாக எழுதிவிட்டது. ஊருக்கு வாங்க. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்பு மகன்
சூர்யபிரகாஷ்


மதுரை
மே 10

சூர்யாவுக்கு அப்பா. சுகம். பதினாறு நாளாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. அதிகாரியும் ரெண்டு தரம் கேட்டுவிட்டார். அவர்கள் வரமாட்டோம் என்றால் அப்படியே எழுதிவிடு. எனக்குத் தெரியாததா. கேட்டதே தப்பு. அம்மாவிடம் மாமா நம்பரை வாங்கி அனுப்பச் சொல்.

அப்பா


அச்சங்குளம்
மே 16

அன்புள்ள அப்பாவுக்கு, வெற்றி வீரன் சூர்யபிரகாஷ் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். தங்கள் மகன் ஊரில் இல்லை. மலையில் இருந்தான்!

ஆம். செவ்வாய், புதன் ரெண்டு நாள். இ-பாஸ் எடுத்தது அடியேன், வேன் பேசியது பாண்டி சித்தப்பா, வாந்தி எடுத்தது ராக்கப்பன் மாமா. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தவர் ஏரி வரும்வரை எடுக்கவில்லை.

"ஏலே, மெதுவா போகச் சொல்லு, குடலு கழுத்துல வந்து உட்கார்ந்திருக்கு."

"இருபத்திரண்டு வருசமா வாரீரு, இன்னும் உம்ம குடலுக்கு வழி தெரியலையா?" என்று பாண்டி சித்தப்பா.

"குடலுக்குத் தெரியுது மச்சான். வண்டிக்காரனுக்குத்தான் தெரியல."

ஏரி எம்புட்டுப் பெரிசு அப்பா! நீங்கள் சொன்னதைவிடப் பெரிசு. காலையில் பனி தண்ணீர் மேல் பாய் விரித்த மாதிரிப் படுத்திருந்தது. பாண்டி சித்தப்பா இறங்கியதும் ஒரு குரங்குக் குல்லா வாங்கி மாட்டினார். மத்தியானம் ரெண்டு மணி வெயிலிலும் கழற்றவில்லை. "காசு கொடுத்து வாங்கியிருக்கேம்ல" என்றார். நிஜக் குரங்கு ஒன்று வந்து அவரை உற்றுப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் இல்லை என்று தெரிந்து போய்விட்டது.

கரையில் வரிசையாகக் குத்தவைத்துக் கை கழுவினோம். தண்ணீர் ஐஸ். ராக்கப்பன் மாமா ஜெயித்தார். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். யாரும் விடச் சொல்லவில்லை. தானாக விட்டது.

அப்புறம் படகு. துடுப்புப் படகில் போட்டி வைத்தோம். அவர்கள் ரெண்டு பேரும் ஒரு படகு, நான் தனிப் படகு. ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். கரையில் நின்ற சென்னைக்காரர்கள் கைதட்டினார்கள். ஒரு சின்னப்பிள்ளை "அந்த அண்ணன் எந்த ஊர்?" என்று கேட்டதாம். படகுக்காரரே, "தம்பி, கடல்கரை ஊரா?" என்றார். அச்சங்குளம் என்றேன். எந்தக் கடல் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார்.

அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு நாலு பொட்டலம். மூன்றைத் தின்றோம். நாலாவது அப்படியே இருந்தது. பிறகு ராக்கப்பன் மாமா அதைப் பிரித்து மூன்றாகப் பங்கு வைத்தார்.

"வச்சுக்கிட்டு இருந்தா அவன் வைவான். தின்னு."

அப்போதுதான் நான் உங்களைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் அறிய வேண்டியது இதுதானே, அதனால் சொன்னது சொன்னபடி எழுதுகிறேன். பாண்டி சித்தப்பா, "வேலு இல்லாம என்னலே ஏரி? உப்பில்லாத கஞ்சி. வரட்டும் அவன், அடுத்த வருசம் அவனைத்தான் துடுப்புப் போட விடணும்" என்றார். ராக்கப்பன் மாமா, "உங்கப்பன்கிட்ட எழுது. திருப்பூரு கிருப்பூருன்னு கிளம்புனா பஸ்ஸுலயே வந்து இழுத்துட்டு வருவேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ஊருக்கு வாங்க அப்பா. அதிகாரி ஐயா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வெற்றி வீரன்
சூர்யபிரகாஷ்


மதுரை
மே 24

அன்பு மகன் சூர்யாவுக்கு அப்பாவின் ஆயிரம் ஆசீர்வாதம். நான் சுகம். ரொம்ப நாளைக்குப் பிறகு சுகம் என்று எழுதுகிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ராக்கன் வாந்தி எடுத்ததை வாசித்துக் காட்டினேன். தாடிக்காரப் பெரியவர் ஒருத்தர், எப்போதும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், அவரே திரும்பிப் படுத்துச் சிரித்தார். நம் வம்சத்தில் தண்ணீரில் ஜெயித்த முதல் ஆள் நீதான். நான் ரெண்டு தரம் படகைக் கரையில் முட்டியிருக்கிறேன்.

அந்த நாலாவது பொட்டலத்தைப் படித்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மேலே படித்தேன்.

திருப்பூர் வேண்டாம் என்று மாமாவுக்குச் சொல்லிவிடு. வருகிறேன். வெள்ளிக்கிழமை, ஜூன் அஞ்சு, பத்து மணிக்கு மேல் விடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். ஒன்றே ஒன்று செய். ராக்கனையும் பாண்டியையும் ஜெயில் கேட்டுக்கு வரச் சொல். தனியாக ஊருக்குள் நடந்து வர எனக்குத் தைரியம் இல்லை. நடுவில் என்னை விட்டு அவர்கள் ரெண்டு பக்கமும் வந்தால் குருவம்மா வாசல்வரை போய்விடுவேன். அங்கே போய்த்தான் நான் வீட்டுக்கு வரணும்.

அப்பா


அச்சங்குளம்
மே 29

அன்புள்ள அப்பாவுக்கு, நலம். கடிதம் கிடைத்தது. ராக்கப்பன் மாமாவுக்கும் பாண்டி சித்தப்பாவுக்கும் இப்போது வேறு கம்பெனியில் வேலை நெருக்கடி. சீசன் ஆர்டர், லோடு, அது இது என்று ஓட்டமாக இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை. நான் வந்தால் போதாதா? உயரத்தில் உங்களை எட்டிவிட்டேன். ரெண்டு பக்கமும் நானே மாறி மாறி நடந்து வருகிறேன். வேறு விசேஷம் இல்லை.

சூர்யா


அச்சங்குளம்
ஜூன் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். இன்றைக்கு அறிவிப்பு எதுவும் இல்லை. தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வராது என்று அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன். அதிகாரி ஐயா, தயவுசெய்து இதை இன்றைக்கே அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்பா, நான் கொடைக்கானலுக்குப் போகவில்லை. யாரும் போகவில்லை. நீங்கள் வலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டபோது அம்மா "ஆமா, போனாக" என்று சொன்னது நான் காலில் விழுந்து கெஞ்சியதால். அவளைக் கோபிக்காதீர்கள்.

சொன்னபடி ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி பாண்டி சித்தப்பாவைத் தேடிப் போனேன். அவர் பட்டாசை விட்டுவிட்டார். விருதுநகரில் மிளகாய் வத்தல் அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில் மூடை தூக்குகிறார். நெடியில் எனக்கு வாசலிலேயே தும்மல். ஏரிக்கு வாங்க, அப்பாவுக்குப் பதிலாக நான் வருகிறேன் என்றேன். "எந்த ஏரி?" என்றார். அப்புறம், "போலே, போயிப் படிக்கிற சோலியப் பாரு" என்றார். டீக்கடையில் எனக்கு மட்டும் வடை வாங்கிக் கொடுத்தார். அவர் எதுவும் சாப்பிடவில்லை. "உங்கப்பன் என்னையக் கேட்டானா?" என்றார். கேட்டார் என்றேன். தலைத்துணியை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ராக்கப்பன் மாமா வீட்டுக்குள்ளேயே போவதில்லை. தெருவில் கட்டிலைப் போட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். நான்கு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சாம் நாள்தான் பேசினார்.

"எங்களுக்கு உங்கப்பன் மேல என்னலே கோவம்? கூப்பிட்டான், இவன் வந்து உட்கார்ந்தான். எங்களுக்குந்தானே விதி தெரியும்? 'அஞ்சு பேரு ஆகாது, எந்திரி'ன்னு நாங்க யாராச்சும் சொன்னமா? வாய் பேசிச் சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தோம்."

பிறகு, "என் வாசல்ல நான் வெளிய வந்துட்டேன். திரும்பிப் பார்க்கேன், அவன் உள்ள நின்னு இங்கிட்டும் அங்கிட்டும் சுத்துறான். 'இங்கிட்டு வாடா'ன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பான். எனக்கு வாய் வரல. வேலு வந்து அவன் எப்படிடா போனான்னு கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். அதற்கு மேல் அவரைக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

நீங்கள் அவர்கள் முகத்தில் விழிக்கப் பயந்து திருப்பூர் போகிறேன் என்கிறீர்கள். அவர்கள் உங்கள் முகத்தில் விழிக்கப் பயந்து ஒருவர் கிட்டங்கியிலும் ஒருவர் தெருவிலும் கிடக்கிறார்கள். ஏரிக்குப் போயிருந்தாலும் அவர்கள் ரெண்டு பேரும் கடைசிவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

குருவம்மா பெரியம்மா நலம் என்று எழுதினேன். காரியத்தன்று அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. நான் மூன்று முறை போனேன், கதவு திறக்கவில்லை. நேற்று நாலாவது முறை திறந்தது. நீங்கள் வெள்ளிக்கிழமை வருகிறீர்கள், முதலில் இங்கேதான் வருவீர்கள் என்றேன். வராவிட்டால் திருப்பூர் போய்விடுவீர்கள் என்றும் சொல்லிவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தது.

"திருப்பூரா? ஓடிப் போகவா? அவரு ஓடிட்டா நான் யாருகிட்டக் கேட்க? வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்த மனுசனைக் கூப்பிட்டு உட்கார வச்சாருல்ல, வந்து என் முன்னாடி நிக்கச் சொல்லு. நான் கேக்குறதைக் கேட்டுட்டு, அப்புறம் எங்கிட்டு வேணாலும் போகட்டும்."

மன்னிச்சுட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னதாக எழுத நினைத்தேன். ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன், கிழித்துவிட்டேன். ஆனால் வரச் சொன்னது உண்மை. கேட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். நானும் அம்மாவும் மட்டும்தான். வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் நான் வருவேன். எங்கே போவது என்று அங்கே வைத்துச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் பார்த்த ஏரி ஆனைக்குட்டம் அணை. ஏரியையே பார்க்காமல் எழுதினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று சிவகாசி போய் பஸ் மாறிப் போனேன். நடுவில் கொஞ்சம் தண்ணீர், மீதி வெடித்த சேறு. பனி, குளிர், குல்லா எல்லாம் நீங்கள் வருஷா வருஷம் வந்து சொன்னவை. கைதட்டிய சென்னைக்காரர்கள் நாலு எருமைகள். படகை நான் இதுவரை நேரில் பார்த்ததே கிடையாது.

கரையில் உட்கார்ந்து, அவரவர் என்ன பேசுவார்கள் என்று அவரவர் குரலிலேயே பேசிப் பார்த்துத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். பள்ளிக்கூடத்தில் யார் குரலைக் கேட்டாலும் எடுத்துக் காட்டி, என்னை விட்டால் ஆளில்லை என்று பீற்றிக்கொள்கிறவன் நான். பாண்டி சித்தப்பா வந்தார். ராக்கப்பன் மாமா வாந்தியோடு வந்தார். கோட்டைச்சாமி பெரியப்பா சிரிப்பும் வந்தது, பயந்து நிறுத்திவிட்டேன். கடைசியில் "ஏலே சூர்யா" என்று உங்கள் குரலில் கூப்பிட்டுப் பார்த்தேன். ஏழெட்டுத் தடவை கூப்பிட்டேன். மூன்று மாதமாகக் கேட்கவில்லை அல்லவா, உங்களுடையது மட்டும் எனக்கு வரவில்லை அப்பா.

சூர்யா